அண்ணன் வண்டியின் பின்பக்கச் சத்தம்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு இத்தனை விசாரிப்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. முழங்கை வரை கிரீஸ், ஒரு கையில் சுருள்வில் தராசு, பின்னால் ஸ்டாண்டு மேல் நிற்கும் அம்பாசிடர். "டீச்சர், ஷெட் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று நான்கு பேர். "அத்தைக்கு என்ன ஆச்சு?" என்று நெல்லூரிலிருந்து ஒரு போன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினால் விரல் வலிக்கும். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வேலையில் இருக்கிறவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

அந்த வண்டி என் அண்ணனுடையது. 1983 மாடல், மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. கல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அப்படியே எடுத்து 1957-ல் தொடங்கினார்கள். 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். நம் திருவள்ளூரிலும் அந்தக் கம்பெனிக்குத் தொழிற்சாலை இருந்தது. ஆனால் அங்கே 1998-லிருந்து செய்தது மிட்சுபிஷி லான்சர். "நம்ம மாவட்டத்துலயே ஃபேக்டரி, நமக்கு ஒரு நட்டு கிடைக்காது" என்று அண்ணன் அந்தக் காலத்தில் சொல்வார்.

அண்ணனுக்கு இப்போது 74 வயது. நைனா போனபோது அவருக்குப் பதினைந்து, ஜி.என்.டி. ரோட்டில் லாரி கிளீனராகப் போனார். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இரண்டு வருஷமும் விடுதிக் கட்டணம் அவர் லாரி ஓட்டி அனுப்பிய பணம். பிறகு கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஆபீசர்களுக்குக் கார் ஓட்டினார். அவர் ஓட்டிய கார்தான் இது. 1996-ல் கம்பெனி பழைய வண்டிகளை ஏலம் விட்டபோது, பி.எஃப். பணத்தில் கடன் எடுத்து இதை வாங்கினார். அண்ணி அப்போது ஒரு மாதம் பேசவில்லை என்பது வேறு கதை. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் விளையாட்டுப் போட்டிக்கு இந்த வண்டியில் பொன்னேரி போயிருக்கிறீர்கள். ஒரு தடவை பின் சீட்டில் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.

அண்ணன் கண்ணால் வண்டி ஓட்டியவர் இல்லை, காதால் ஓட்டியவர். தொண்ணூறுகளில் ஒரு ராத்திரி சூலூர்ப்பேட்டையில் ஒரு கல்யாணம் முடிந்து வருகிறோம். தடா தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிப் போய் பின்சக்கரத்து நட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நட்டு கையாலேயே சுற்றியது. "டிக் டிக்னு ஒரு சத்தம், சக்கரம் சுத்துற கணக்குக்கு வந்துச்சு" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து, சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு நானும் அண்ணியும் அவரோடு போனோம். நான் பின்னால், சரியாகப் பின் ஆக்சிலுக்கு மேலே. ஹைவேயில் வேகம் ஐம்பதைத் தாண்டியதும் என் காலடியில் "ஊஊங்" என்று ஒரு சத்தம். பேசிக்கொண்டிருந்த அண்ணிக்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "அண்ணா, என்ன சத்தம் அது?" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன சத்தம்?" என்றார்.

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு அதற்கு மேல் நான் பேசவில்லை.

மறு வாரம் அண்ணன் மகன் வண்டியை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனான். பெயர் வேண்டாம். அதே கராஜில்தான் இதற்கு முன் இரண்டு தடவை, வருஷத்துக்கு ஒன்றாக, இடது பின்சக்கரத்து ஆயில் சீலை மாற்றியிருந்தார்கள். இந்தத் தடவை வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஹவுசிங்கே போச்சு, ஃபுல் செட் மாத்தணும். செகண்ட்ஸ்ல கிடைச்சாலும் 45 ஆயிரம் ஆகும். எடைக்குப் போட்டா நல்லது" என்று சொல்லி அனுப்பினார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகள் அன்று ராத்திரியே போன் செய்து, "அத்தை, அப்பாவுக்கு நீங்கதான் சொல்லணும். வண்டியைக் குடுத்துடலாம்" என்றாள். அவள் கவலை வண்டியைப் பற்றி மட்டும் இல்லை. அது எனக்கும் தெரியும்.

என்ன கோளாறு என்று தெரியாமல் எடைக்குப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் எந்த இடத்தில் வரவில்லை என்று பார்ப்போம். கடன் வாங்கிக் கழிப்பதிலா, வாய்ப்பாட்டிலா? மொத்தமாக 'மக்கு' என்று எழுதி அனுப்ப மாட்டோம். தச்சூர் கூட்டுரோடு பக்கம் ஷெட் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். "டீச்சர், ஆக்சில் சத்தம்னா முதல்ல கழட்டக் கூடாது. முதல்ல ஓட்டிப் பாக்கணும். கழட்டிட்டா சத்தம் போயிடும், எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாது" என்றான்.

இங்கே கொஞ்சம் பாடம். வகுப்பறை விட்டு ஓடக் கூடாது.

இன்ஜின் முன்னால் இருக்கிறது. ஓட்டும் சக்கரம் பின்னால். நடுவில் ஒரு நீளக் குழாய்த் தண்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டே பின்னால் போகிறது. பின்னால் ஹவுசிங்குக்குள் அதன் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அங்கே சுழற்சி செங்கோணத்தில் திரும்பி இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் போகிறது. பினியன் நாலரைச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். நம் வண்டியில் சாக்பீஸால் குறி போட்டு நானே எண்ணினேன்.

மனக்கணக்கு ஒன்று. மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிஷத்துக்கு 1,000 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். ஆக, நிமிஷத்துக்கு 500 சுற்று. பினியனோ 2,000-க்கு மேல். அதனால்தான் சக்கரத்துப் பேரிங் கெட்டால் வரும் சத்தமும் பினியன் பேரிங் கெட்டால் வரும் சத்தமும் ஒன்றாக இருக்காது.

கிரவுனோடு சேர்ந்து இன்னொரு சாமான் இருக்கிறது, டிஃபரென்ஷியல். நம் பள்ளி மைதானத்தில் குடியரசு தினத்துக்கு அணிவகுப்புப் பழகினது நினைவிருக்கிறதா? வரிசை வலது பக்கம் திரும்பும்போது வலது ஓரத்தில் நிற்பவன் நின்ற இடத்திலேயே காலை மாற்றுவான். இடது ஓரத்தில் இருப்பவன் ஓடாத குறையாக எட்டு வைப்பான். இரண்டு பேரும் ஒரே எட்டு வைத்தால் வரிசை உடையும். காரின் இரண்டு பின்சக்கரமும் அப்படித்தான். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் சுற்ற வேண்டும். ஒரே இன்ஜின் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் ஏற்பாடுதான் டிஃபரென்ஷியல். பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக 1828-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பெட்ரோல் கார் பிறக்கவே இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது.

இன்னும் ஒன்று. அம்பாசிடரில் பினியன், கிரவுனின் நடுமட்டத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். ஹைபாய்டு என்பார்கள். அதனால் ஷாஃப்ட் தாழ்வாக ஓடும், காருக்குள் தரை உயராது. ஆனால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று தேய்த்துக்கொண்டும் போகும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் நிற்காது. இதற்கென்று கந்தகச் சேர்மானம் உள்ள 90 நம்பர் கியர் ஆயில் வேண்டும். அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் பிறகு ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க உதவியது.

மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு யாருக்காவது நினைவிருக்கிறதா? 1961-ல் வந்தது. அதில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஊஞ்சல் மாதிரி ஆடும். நடுவில் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். கேட்க நன்றாக இருக்கும். நம் ஊர் ரோட்டுக்கும் நம் ஊர் மெக்கானிக்குக்கும் ஒத்துவரவில்லை. அதே கம்பெனி எழுபதுகளில் கேஸல் என்று அடுத்த காரைக் கொண்டுவந்தபோது, பின்னால் ஒரே முழு ஆக்சிலாக மாற்றிவிட்டது. அம்பாசிடரும் ஃபியட்டும் அத்தனை வருஷம் ஓடியதற்கு அந்த ஒற்றை ஆக்சில் ஒரு காரணம் என்பது அண்ணனின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சரி, ஓட்டிப் பார்த்த கதை.

ஹைவேயில் லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் காலை ஐந்தரைக்குப் புதுவாயலிலிருந்து பெரியபாளையம் போகும் ரோட்டுக்குப் போனோம். அண்ணன் மகன் ஓட்டினான், அண்ணன் அவன் பக்கத்தில், நானும் மாணவனும் பின்னால். நான் ஒரு கோடு போட்ட நோட்டில் கட்டம் வரைந்துகொண்டேன். வருகைப் பதிவேடு போட்ட கை, சும்மா இருக்காது. ஒரு பக்கம் வேகம். மேலே 'மிதிக்கும்போது', 'காலை எடுக்கும்போது', 'நியூட்ரலில்', 'வலது வளைவு', 'இடது வளைவு'.

எதற்கு இத்தனை கட்டம் என்று மாணவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே தருகிறேன். "ஆளில்லாத ரோட்டுல, இன்ஜினை ஆஃப் பண்ணாம, நியூட்ரல்ல உருள விடுங்க. அப்பவும் சத்தம் இருந்தா அது இன்ஜின் இல்ல, கியர்பாக்ஸ் இல்ல. தார் ரோட்டுல ஒரு மாதிரி, சிமென்ட் ரோட்டுல ஒரு மாதிரி கேட்டா டயர். காத்தைக் கொஞ்சம் ஏத்திப் பாத்தா டயர் சத்தம் மாறும், ஆக்சில் சத்தம் மாறாது. வலது பக்கம் திரும்புனா வெயிட்டு இடது சக்கரத்து மேல போகும். அப்போ சத்தம் கூடுனா இடது வீல் பேரிங். மிதிக்கிறப்போ ஒண்ணு, எடுக்கிறப்போ ஒண்ணுன்னு மாறுனா கிரவுன் பினியன் பக்கம். திரும்புறப்போ மட்டும் வந்தா டிஃபரென்ஷியல் உள்ள இருக்கிற குட்டிப் பல்லு." இவன் ஐந்தாம் வகுப்பில் வாயே திறக்க மாட்டான்.

சத்தத்தை எழுதுவது எப்படி? வெறும் 'சத்தம் உண்டு' என்று எழுதினால் யாருக்கும் உதவாது. நான் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன்.

30-ல் ஒன்றுமில்லை. 45-ல் "ம்ம்ம்" என்று, வாய் மூடிப் பாடுவது போல. 55-ல் "ஊஊங்". 60-ல் ஊஊங்குக்குள்ளே ஒரு கரகரப்பு, கல் கிடக்கும் அரிசியை அம்மியில் இழுப்பது போல. மிதிக்கும்போது கொஞ்சம் அடங்குகிறது. காலை எடுத்ததும் கூடுகிறது. நியூட்ரலில் குறைகிறது, போகவில்லை. வலது, இடது வளைவில் மாற்றமில்லை. டயரில் காற்றை ஏற்றினோம், மாற்றமில்லை. கடைசியாக, ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றி கிளட்சை விடும்போது ஒரே ஒரு "டொக்".

டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். அண்ணன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டினார், நோட்டைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். டீ ஆறிப்போனது.

"காலை எடுத்தா கூடுதா?"

"ஆமாண்ணா."

"உள்ள கரகரன்னு இருக்கா, இல்ல விசில் மாதிரி சுத்தமா இருக்கா?"

"கரகரன்னு இருக்கு."

"பல்லு கெட்டா விசில் மாதிரி சுத்தமா வரும், ஒரு வேகத்துல மட்டும் வரும். கரகரன்னா பேரிங். காலை எடுத்தா கூடுதுன்னா பினியனோட முன் பேரிங். அந்த டொக்கு வேற. யு-போல்ட்டு தளர்ந்திருக்கும், இல்ல ஷாஃப்ட் கிராஸ்." மாணவன் தலையாட்டினான். அவனும் அதையேதான் நினைத்திருக்கிறான்.

அண்ணன் நோட்டை மூடினார். "நீ எழுதினதைப் படிச்சாதான் எனக்குத் தெரியுது. ரெண்டு வருஷமா எனக்கு வண்டியே கேக்கல, பாப்பா" என்றார். தன் மகன் முன்னால் சொன்னார். அந்த இடத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வார்த்தை வரவில்லை. இன்னொரு டீ சொன்னேன்.

ஷெட்டில் வேலை மூன்று நாள். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தான். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதனால் பயனில்லை. வீட்டில் ஜாக்கி போடுகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. இரண்டு பக்கமும் ஸ்டாண்டு.

தளர்ந்த யு-போல்ட் உடனே தெரிந்தது. இடது பக்கம், பட்டை ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டும் நட்டு இரண்டு சுற்று இறங்கியது. அதைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றுமில்லை. இறுக்கினான், "டொக்" போனது.

இடது டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ ஈரம். கருப்பாக, கெட்டியாக. மாணவன் இரண்டு விரலில் தேய்த்து மோந்து பார்த்து, என்னிடமும் நீட்டினான். அதே அழுகின முட்டை. பிரேக் ஆயில் என்றால் தண்ணீர் மாதிரி இருக்கும், இந்த நாற்றம் அடிக்காது. ஆக்சில் ஆயில்தான் சீலைத் தாண்டி பிரேக்குக்கு வந்திருக்கிறது. இத்தனை நாள் வண்டி ஒரு பக்கம் பிரேக் இல்லாமல் லாரிகளுக்கு நடுவே ஓடியிருக்கிறது. அண்ணி இதைக் கேட்டுவிட்டு அன்று சாப்பிடவில்லை.

இரண்டு தடவை சீல் மாற்றியும் ஏன் ஒழுகுகிறது? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. மாணவன் டார்ச் அடித்து ஹவுசிங்கின் மேல்பக்கத்தைத் தடவினான். ஒரே கருப்புத் தார்ப் பூச்சு. சுரண்டச் சுரண்ட, சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு சின்ன மூடி வந்தது. "இதான் டீச்சர்" என்றான்.

அது மூச்சு விடும் துவாரம். வண்டி ஓட ஓட ஹவுசிங் சூடாகும், உள்ளே காற்று விரியும். இட்லிப் பானை மூடியைக் கெட்டியாக அழுத்திப் பிடித்தால் ஆவி எங்கே போகும்? இடுக்கு கிடைத்த பக்கம் போகும். மேல் துவாரம் அடைபட்டால் காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாக வெளியே வரும். எத்தனை புதுச் சீல் போட்டாலும் அதே கதைதான். 2023-ல் ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும் முன் ஒரு பெயின்ட் ஷாப்பில் அடிப்பாகத்துக்குத் துருப்பூச்சு அடித்தோம். துவாரத்தின் மேலேயே அடித்து மூடியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் முதல் சீல் போனது, அதற்கடுத்த வருஷம் இரண்டாவது. ஒழுகிய எண்ணெய்க்குப் பதில் யாரும் ஊற்றவில்லை. உள்ளே எண்ணெய் குறைந்தது. கிரவுன் வாரி இறைக்கும் எண்ணெய்தான் பினியன் பேரிங்குக்கு. அதில் கடைசியாக நனைவது முன் பேரிங். வறண்டுபோய்ச் சத்தம் போட்டது.

அடி நட்டைத் திறந்தபோது வந்த எண்ணெய், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. வெயிலில் காட்டினால் வெள்ளித் தூள் மாதிரி மின்னியது.

பிறகு ஷாஃப்டைக் கழற்றி, இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் வெளியே இழுத்து, முன்பக்கமாக அந்த இரும்புத் தலையை இறக்கினான். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். முன் பேரிங்கின் வளையத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. கிரவுனின் பற்கள் நன்றாக இருந்தன. அண்ணன் ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவிப் பார்த்தார். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே செய்யப்படுபவை. ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும், அந்த ஜோடி இப்போது கிடைப்பது கஷ்டம். அதனால் அவர் கடைசிப் பல் வரை பார்த்து முடித்தபோது எனக்கும் மூச்சு வந்தது.

பேரிங்கும் சீலும் சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்தன. புதுப்பேட்டைக்கும் போனோம், அங்கே கிடைத்தது பழையது, வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இனி நீங்கள் கேட்ட சுருள்வில் தராசு. பினியன் பேரிங்கை மாட்டும்போது ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுகவும் கூடாது. ஆடினால் பல் தின்றுவிடும். இறுகினால் பேரிங் சூடாகி வெந்துவிடும். நடுவில் சிம் என்ற மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சரிபார்க்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை அளக்க, பினியனின் தட்டில் ஒரு கயிற்றைச் சுற்றி, தராசால் இழுத்து, சுற்றத் தொடங்கிய பிறகு எத்தனை காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். மாணவனின் தராசு துருப்பிடித்து முள் நகரவில்லை. நான் வீட்டுக்குப் போய், பாடம் நடத்த வாங்கிய என் சொந்தத் தராசைக் கொண்டுவந்தேன். 'விசை' பாடத்தில் செங்கல்லைக் கட்டி இழுத்துக் காட்டுவேனே, அதேதான். நான் இழுத்தேன், அவன் முள்ளைப் பார்த்தான், அண்ணன் தகடு எடுத்துக் கொடுத்தார். ஏழு தடவை கழற்றி மாட்டினோம். படம் அப்போது எடுத்தது.

பிறகு பற்களில் நீல மை தடவிச் சுற்றி, எந்த இடத்தில் மை அழிகிறது என்று பார்த்தான். பல்லின் நடுவில் அழிந்தால் சரி. ஓரத்தில் அழிந்தால் மறுபடி தகடு. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் விடும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். அதை அளக்க டயல் கேஜ் வைத்திருந்தான். எண்ணெய் ஊறிய பிரேக் ஷூவைத் தூக்கிப் போட்டுப் புது ஜோடி. துவாரத்தைப் பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதிக் காட்டினான். மொத்தச் செலவு, கூலியோடு 13,200 ரூபாய். கூலி வாங்க மறுத்தான். "டீச்சர் கிட்ட கடன் வெச்சுக்கக் கூடாது" என்று நான் அதட்டியதும் வாங்கிக்கொண்டான்.

அண்ணனின் காது விஷயம் இதற்குள் தானாகவே நகர்ந்துவிட்டது. முன்பு அண்ணி சொன்னபோதெல்லாம், "நீ மெதுவா பேசுற" என்று தட்டிக் கழித்தவர். டீக்கடைக்கு அடுத்த வாரம், "எங்க பரிசோதிக்கிறாங்கன்னு பாரு" என்று அவரே சொன்னார். சென்னைக்கு ரயிலில் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் அவர் விரல் அசையவே இல்லை. இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார்கள். வயதும் காரணம், லாரி கேபினில் போன வருஷங்களும் காரணம்.

கருவி போட்ட முதல் வாரம் வீட்டில் ரகளை. தட்டுச் சத்தம், குக்கர் சத்தம், அண்ணி பேசுவது எல்லாமே அதிகம் என்றார். கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். வண்டி ஷெட்டிலிருந்து வந்த அன்று காலை அவரே எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதே பெரியபாளையம் ரோடு. அண்ணன் மகன் 60-ல் வைத்து ஓட்டினான். அண்ணன் இந்தத் தடவை பின்னால், என் பக்கத்தில். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். "கியர்பாக்ஸ் கொஞ்சம் பாடுது, அது எப்பவும் பாடுறதுதான்" என்றார். பிறகு, "உன் பக்கத்து ஜன்னல் கண்ணாடி ஆடுது, ரப்பர் மாத்தணும்." எனக்கு அது கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் அவர் ஓட்டவா என்று மகன் கேட்டான். "புதுவாயல் வரைக்கும்" என்றார். ஹைவே வந்ததும் தானே நிறுத்தி இறங்கி, சாவியை அவனிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஊருக்குள்ளும் காலை நேரத்துச் சின்ன ரோட்டிலும் அவர், ஜி.என்.டி. ரோட்டில் மகன். யாரும் சட்டம் போடவில்லை.

பெங்களூர்க்காரி இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. ஆர்.சி. அடுத்து 2028-ல் புதுப்பிக்க வேண்டும். 2018-ல் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. ஐம்பது வருஷம் ஆனால்தான் 'விண்டேஜ்' என்று சட்டம் ஏற்கும். நம் வண்டிக்கு அது 2033-ல். அப்பா அதற்குள் என்ன சொல்கிறாரோ பார்ப்போம் என்கிறாள். அந்தப் பேச்சு 2028-ல் நடக்கட்டும்.

பழைய வண்டி வைத்திருக்கும் மாணவர்கள் என் கட்டம் போட்ட பக்கத்தைக் கேட்டிருக்கிறீர்கள். படம் எடுத்துக் கீழே கருத்துப் பகுதியில் போடுகிறேன், எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசிடர் பின்பக்கக் கதவுக் கண்ணாடி ரப்பர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், இடது பக்கத்துக்கு வேண்டும். புதுப் பேரிங் போட்டதால் 1,000 கி.மீ. ஆனதும் ஆயிலை ஒரு தடவை இறக்கி மாற்றச் சொல்லியிருக்கிறான். இன்றோடு 640 ஆகியிருக்கிறது. பிரேக் ஷூவைத் தினமும் அண்ணி டார்ச் அடித்துப் பார்க்கிறார், இதுவரை ஈரமில்லை.